அடித்தல் திருத்தல்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலை ஆறு பக்கங்களுக்கென்று ஒதுக்கி வைப்பது என் வழக்கம். பகலில் எனக்கு ஒரு நிறுவனத்தின் வழங்கிகளைப் பராமரிக்கும் வேலை. வாரத்தில் இரண்டு மாலைகள், வீட்டிலிருந்து அரைமணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் ஓர் அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியில் ‘கணினி அமைப்பு நிர்வாகம்’ என்னும் பாடத்தை நடத்துகிறேன். அந்தப் பாடத்தின் முதல் வகுப்பில் மாணவர்களுக்குத் தர வேண்டிய தாள்தான் அந்த ஆறு பக்கங்கள்.

இங்கே அதை சிலபஸ் என்கிறார்கள். நம் ஊரில் சிலபஸ் என்றால் பல்கலைக்கழகம் அச்சிட்டுத் தருவது. ஐந்து யூனிட்டுகள், பாடநூல்களின் பட்டியல், அவ்வளவுதான். அதில் ஆசிரியரும் இல்லை, மாணவரும் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் அது ஆசிரியரே எழுதும் ஓர் ஒப்பந்தம். எத்தனை வகுப்புகளுக்கு வராமலிருக்கலாம், பயிற்சியைத் தாமதமாகத் தந்தால் என்னவாகும், மதிப்பெண் எப்படிப் பிரிக்கப்படும், பிறருடையதைப் பார்த்து எழுதினால் என்ன தண்டனை என்பதெல்லாம் அதில் இருக்கும். வரலாறோ வேதியியலோ கற்பிக்கும் நண்பர்களுக்கு இது பாடத்துக்கு முன்னால் வரும் ஒரு சடங்கு. எங்கள் பாடத்திலோ அந்த விதிகளே பாடத்தின் பெரும்பகுதி என்று நான் நினைக்கிறேன். சற்று மிகையாகத் தோன்றலாம். அப்படி நினைக்க நேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

யூனிக்ஸ், லினக்ஸ் வகைக் கணினிகளில் ரூட் என்றொரு பயனர் உண்டு. மற்றப் பயனர்கள் தங்கள் அறைக்குள் மட்டும் நடமாட முடியும். ரூட்டுக்குப் பூட்டிய கதவு என்று ஒன்று இல்லை. யாருடைய அஞ்சலையும் படிக்கலாம், யாருடைய கோப்பையும் அழிக்கலாம். ‘நிச்சயமாகவா?’ என்று இயந்திரம் பெரும்பாலும் திருப்பிக் கேட்காது. சொன்னதைச் செய்துவிடும். அமைப்பு நிர்வாகம் கற்பிப்பது என்றால், இருபது வயதுப் பையனிடமோ, வேலை மாற்றிக்கொள்ள விரும்பும் நாற்பது வயதுப் பெண்ணிடமோ இந்த அதிகாரத்தைக் கொடுத்துப் பழக்குவது. கொடுக்காமல் பழக்க முடியாது. நீச்சலைக் கரையில் நிற்க வைத்துச் சொல்லித்தர முடியாததைப் போலத்தான்.

தமிழ்நாட்டில் நான் படித்த பொறியியல் கல்லூரியில் அப்படித்தான் கரையில் நின்றேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கணினி லேபுக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றி வரிசையாக வைக்க வேண்டும். உள்ளே குளிரூட்டப்பட்ட அறையில், திரைக்கு இரண்டு பேராக உட்கார்ந்து, அப்சர்வேஷன் நோட்டில் கையொப்பம் வாங்கிய நிரலைத் தட்டெழுதுவோம். ரூட்டின் கடவுச்சொல் லேப் உதவியாளர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் அதைத் தட்டும்போது நாங்கள் மரியாதையாகத் திரும்பிக்கொள்வோம். ரெக்கார்டு நோட்டில் எல்லோருக்கும் ஒரே விடை வரும். சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதியதால் அவருடைய பிழைகளும் எங்கள் நோட்டில் அழகான கையெழுத்தில் இடம்பெற்றன. அங்கே எழுதப்படாத விதி ஒன்றே ஒன்றுதான்: எதையும் தொடாதே.

2002ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை மாணவனாக இந்தப் பாடத்தின் முதல் வகுப்பில் உட்கார்ந்தபோது, நரைத்த தாடியுடன் ஒரு பேராசிரியர் ஆறு பக்கங்களை விநியோகித்தார். கடைசிப் பக்கத்தில் கையொப்பமிட்டுத் தந்தவர்களுக்கு, இருவருக்கு ஒன்றாக, ஒரு பழைய கணினியைக் காட்டினார். ரூட் அதிகாரம் அன்று மாலையே எங்கள் கைக்கு வந்துவிட்டது. அவரை ‘சார்’ என்று அழைத்தேன். பெயர் சொல்லி அழைக்கும்படி சொன்னார். அந்தச் செமஸ்டர் முழுவதும் அவரை எப்படியும் அழைக்காமலே சமாளித்தேன்.

*

அந்த ஆறு பக்கங்களின் ஒரு பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலிருந்த முக்கியமான விதிகள் இவை.

ரூட்டாக நேரடியாக உள்நுழையக் கூடாது. சுடோ என்னும் கட்டளை வழியாகவே அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும். பிறருடைய கோப்பைத் திறந்து பார்க்க முடியும் என்பது பார்ப்பதற்கான அனுமதி ஆகாது. உங்கள் வேலையின் நகலை வேறோர் இடத்தில் நீங்களே வைத்திருக்க வேண்டும். ‘இயந்திரம் கெட்டுவிட்டது’ என்பது தாமதத்துக்குக் காரணமாக ஏற்கப்படாது. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு பதிவேடு உண்டு. செய்த மாற்றம் ஒவ்வொன்றையும் நாள், நேரம், பெயருடன் அதில் எழுத வேண்டும். பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தவறாக எழுதியிருந்தால் ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, பெயரின் முதலெழுத்தை இட வேண்டும். அதற்கு அடுத்த வாரம் வெள்ளி மாலை ஐந்து மணி வரை அவகாசம். இயந்திரத்தை உடைத்தால் மதிப்பெண் குறையாது. உடைத்ததை மறைத்தால் பாடத்தில் தோல்வி.

சுடோவைப் பற்றி ஒரு வார்த்தை. 1980ஆம் ஆண்டு வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட சிறிய நிரல் அது. ரூட் செய்யக்கூடியதை ரூட்டின் கடவுச்சொல் இல்லாமலே செய்ய அது இடம் தருகிறது. ஆனால் இன்னார், இன்ன நேரத்தில், இன்ன அடைவில் நின்று, இன்ன கட்டளையைக் கொடுத்தார் என்று எழுதி வைத்துக்கொள்கிறது. அதை முதன்முறையாகப் பயன்படுத்துபவருக்குத் திரையில் மூன்று வரி அறிவுரை தோன்றும்: பிறர் அந்தரங்கத்தை மதி, தட்டுவதற்கு முன் யோசி, அதிகாரம் பெரிதானால் பொறுப்பும் பெரிது என்கிற பொருளில். அந்தப் பாடத்துக்கு எழுதப்பட்ட மிகச் சுருக்கமான சிலபஸ் அதுதான் என்று பேராசிரியர் சொல்வார்.

பாடநூல் ஈவி நெமத்தும் மற்றவர்களும் எழுதிய யூனிக்ஸ் நிர்வாகக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு. 2000இல் வந்த ஊதா அட்டைப் புத்தகம். இந்தத் துறையைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தவர்களில் ஈவி நெமத் முக்கியமானவர். கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில், இளநிலை மாணவர்களிடமே துறையின் கணினிகளை ஒப்படைத்துப் பழக்கியவர். அந்த அனுபவத்திலிருந்துதான் கார்த் ஸ்னைடர், ஸ்காட் சீபாஸ் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய கையேடு 1989இல் வந்தது. ஓய்வுக்குப் பின் கடலில் பாய்மரப் படகுப் பயணங்களில் காலம் கழித்தார். 2013ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட, 1928இல் கட்டப்பட்ட ‘நீனா’ என்ற படகில் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களில் ஈவி நெமத்தும் ஒருவர். ஜூன் 4ஆம் தேதிக்குப் பிறகு அந்தப் படகிலிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. செய்தியைப் படித்த அன்று அலமாரியிலிருந்து ஊதாப் புத்தகத்தை எடுத்துச் சிறிது நேரம் மடியில் வைத்திருந்தேன்.

*

எனக்குக் கூட்டாளியாக வாய்த்தவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஒரு பெண்மணி. பகலில் மருத்துவமனை ஒன்றின் கட்டணப் பிரிவில் வேலை. ஏழு வயது மகனை அவருடைய தாயாரிடம் விட்டுவிட்டு மாலை வகுப்புக்கு வருவார். பதிவேட்டில் அவர் எழுதும் குறிப்புகள் மருத்துவமனைக் கேஸ் ஷீட்டைப் போல ஒழுங்காக இருக்கும். நான் எழுதியவை ரெக்கார்டு நோட்டைப் போல இருந்தன. நடந்ததை விட்டுவிட்டு, நடந்திருக்க வேண்டியதை எழுதும் பழக்கம் எனக்கு.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. வியாழக்கிழமைக்குள் ஒரு பயிற்சியைத் தர வேண்டும்: நூறு மாணவர்களின் பெயர்ப் பட்டியலிலிருந்து நூறு கணக்குகளைத் தானாக உருவாக்கும் ஒரு நிரல். இருவரும் தனித்தனியே எழுத வேண்டும். இயந்திரம் மட்டும் பொது. அவர் எட்டரை மணிக்குப் புறப்பட்டுவிட்டார். என் நிரல் ஒருவழியாக வேலை செய்தது. அதை ஃபிளாப்பியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அது விதியை மதித்துச் செய்ததல்ல, ஊர்க் கல்லூரியில் ஒட்டிக்கொண்ட பழக்கம். பிறகு, சோதனைக்காக நான் உருவாக்கியிருந்த ‘டெஸ்ட்1’, ‘டெஸ்ட்2’ என்ற கணக்குகளின் அடைவுகளை நீக்க நினைத்தேன். ‘டெஸ்ட்’ என்று எழுதி அதையொட்டி நட்சத்திரக் குறியைப் போட்டால், டெஸ்ட் என்று தொடங்கும் எல்லாம் அழியும். எனக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது. ‘டெஸ்ட்’டுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. இடைவெளி விட்ட நட்சத்திரம் தனியாக நின்றால் அதற்குப் பொருள் வேறு: இங்குள்ள எல்லாமும்.

பயனர்களின் அடைவுகள் அனைத்தும் போயின. வட்டு சில விநாடிகள் கரகரவென்று ஓடி அடங்கியது. திரையில் எதுவும் தோன்றவில்லை. யூனிக்ஸ் மரபில் மௌனம் என்றால் காரியம் முடிந்தது என்று பொருள்.

அப்போது செய்ததை இன்றும் என்னால் கோவையாக விளக்க முடியவில்லை. உதவித்தொகையில் படித்துக்கொண்டிருந்தேன். மதிப்பெண் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அது நின்றுவிடும். அது நின்றால் விசாவும் சிக்கலாகும். உடைத்தால் மதிப்பெண் குறையாது என்று தாளில் தெளிவாக எழுதியிருந்தது. நான் அதில் கையெழுத்தும் போட்டிருந்தேன். ஆனால் அதை நான் நம்பியிருக்கவில்லை. தாளில் இருப்பது ஒன்று, நடப்பது வேறொன்று என்பதுதான் நான் அதுவரை கற்றிருந்த கல்வி. எனவே பதிவேட்டை எடுத்து எழுதினேன்: ‘இரவு 10.40. இயந்திரம் நின்று மீண்டும் எழுந்தது. பயனர் அடைவுகளைக் காணவில்லை. வட்டுப் பழுதாக இருக்கலாம்.’ எழுதியது முழுப் பொய்யாகிவிடக் கூடாது என்று, பொத்தானை அழுத்தி இயந்திரத்தை ஒருமுறை அணைத்து எழுப்பினேன்.

புதன்கிழமை மாலை அவர் வந்து பார்த்தார். பதிவேட்டைப் படித்தார். முதல் நாள்தான் அவர் ஒவ்வொரு பயனருக்கும் வட்டில் இவ்வளவு இடம் என்று வரையறுக்கும் ஏற்பாட்டைச் செய்திருந்தார். அதற்காக வட்டின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் திருத்தியிருந்தார். அந்தத் திருத்தம்தான் வட்டைக் கெடுத்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டார். வட்டைச் சோதிக்கும் நிரலை ஓட்டினார். பழுது ஏதும் இல்லை என்று வந்தது. மறுபடி ஓட்டினார். தம் பெயரிலிருந்த பழைய குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து எங்கே தவறு செய்தோம் என்று தேடினார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு, தம் நிரலை நினைவிலிருந்து மீண்டும் எழுத ஆரம்பித்தார். வியாழக்கிழமை வகுப்பில் அவரால் பாதியைத்தான் கொடுக்க முடிந்தது. அந்தப் பயிற்சியின் பத்து மதிப்பெண்ணில் அவருக்கு நான்கு. ‘நகல் எடுத்து வைத்திருக்க வேண்டும். மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன்’ என்று மட்டும் சொன்னார். ஃபிளாப்பியிலிருந்த என் நிரலுக்குப் பத்துக்குப் பத்து.

அடுத்த செவ்வாய்க்கிழமை பேராசிரியர் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். ‘பதிவேட்டில் நீங்கள் திருத்த வேண்டியது ஏதாவது இருக்கிறதா? வெள்ளிக்கிழமை ஐந்து மணி வரை திருத்தலாம்’ என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று இரண்டு நாட்கள் யோசித்தேன். என் அயோக்கியத்தனத்தின் அளவு இதுதான்: அந்த இரண்டு நாட்களும் நான் யோசித்தது அதைப் பற்றி மட்டுமே.

வியாழன் இரவு எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. அப்பா கிராமத்தில் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். உர மூட்டைக் கணக்கு, நகைக்கடன் கணக்கு எல்லாம் நீளமான பேரேடுகளில் அவர் கையெழுத்தில் இருக்கும். சிறுவனாக இருந்தபோது ஒருமுறை, அவர் தப்பாக எழுதிய ஓர் எண்ணை அழித்துத் தருகிறேன் என்று பிளேடை எடுத்துக்கொண்டு போனேன். ‘சுரண்டாதடா. சுரண்டின எடத்த வெளிச்சத்துல புடிச்சா தெரியும். அடிச்சு எழுதி சுருக்கொப்பம் போட்டா ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான்’ என்றார். பிழையின் மேல் ஒரு கோடு. பிழை அப்படியே தெரிய வேண்டும். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டெழுத்து. இந்த ஊர்ப் பேராசிரியரின் ஐந்தாம் விதியை நான் பிள்ளைப் பருவத்திலேயே கேட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் லேபுக்குப் போய், எழுதிய மூன்று வரிகளையும் ஒற்றைக் கோட்டால் அடித்தேன். நடந்ததை எழுதினேன். கட்டளையை இடைவெளியோடு எழுதினேன். பொத்தானை அழுத்தியதையும் எழுதினேன். முதலெழுத்துகளையும் தேதியையும் இட்டேன். அந்தப் பதிவேட்டை அன்று மாலை கூட்டாளியும் திறப்பார் என்று தெரியும். மறைப்பதைவிட அதுதான் கடினமாக இருந்தது.

பேராசிரியர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, தம் திரையை என் பக்கம் திருப்பினார். எங்கள் இயந்திரங்களின் பதிவுகள் எல்லாம் அவ்வப்போதே வேறொரு வழங்கிக்கும் போய்ச் சேரும்படி அவர் அமைத்திருந்தார்; அந்த வழங்கியில் மாணவர்களுக்கு அனுமதியில்லை. அதில் ஒரு நீண்ட வரி இருந்தது. நட்சத்திரக் குறி அதில் நட்சத்திரமாக இல்லை. விரிந்து, அழிக்கப்பட்ட ஒவ்வோர் அடைவின் பெயராகவும் நின்றது. என் பெயர் அந்த வரியில் இரண்டு முறை வந்தது. அழித்தவனாக ஒரு முறை, அழிந்தவற்றுள் ஒன்றாக இன்னொரு முறை.

எனக்கு மதிப்பெண் குறையவில்லை. விதிப்படி, அவகாசத்துக்குள் திருத்தியாயிற்று. கூட்டாளியின் மதிப்பெண்ணைக் கூட்டித் தரும்படி கேட்டேன். மறுத்துவிட்டார். ‘யார் கை பட்டு அழிந்தது என்பதைப் பொறுத்து நகலின் அவசியம் மாறுவதில்லை’ என்றார். பிழை செய்தவனுக்குப் பத்து, இழந்தவருக்கு நான்கு என்றே அந்தக் கணக்கு முடிந்தது.

கூட்டாளி பதிவேட்டைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னதை ஏறக்குறைய அப்படியே எழுதுகிறேன்: ‘எழுதியதற்கு நன்றி. கோப்புகள் போனது பரவாயில்லை. ஆனால் புதன்கிழமை இரவு முழுவதும் நான் இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்.’

*

அந்த வாக்கியத்திலிருந்துதான் இந்தத் தொழிலை நான் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். பதிவேட்டில் உண்மையை எழுது என்ற விதியை அதுவரை ஓர் ஒழுக்கப் போதனையாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்; பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்பதைப் போல. அது வேலைக்கான விதி. இயந்திரம் கெட்டுக் கிடக்கும்போது, அடுத்து வருபவரின் கையில் இருக்கும் ஒரே வரைபடம் முன்னால் வந்தவர் எழுதி வைத்த குறிப்பு. அதில் ஒரு பொய் இருந்தால், அவர் இல்லாத இடத்தில் போய்த் தேடுவார். கடைசியில் ஒன்றும் அகப்படாமல் தம்மையே சந்தேகிப்பார்.

இதை மாணவர்களுக்குச் சொல்ல இப்போது எனக்கு வெளியிலிருந்தே சான்றுகள் கிடைக்கின்றன. 2017ஆம் ஆண்டு ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தில் நெடுநேரம் வேலை பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணை வழங்கி என்று நினைத்து முதன்மை வழங்கியில் தரவுத்தளத்தின் அடைவை அழித்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் நாலரைதான் மிஞ்சியிருந்தது. காப்பு நகல்களைத் தேடியபோது, தினமும் எடுக்கப்பட வேண்டிய நகல் பல நாட்களாக எடுக்கப்படவே இல்லை என்று தெரியவந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. வேறொரு சோதனைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக எடுத்து வைத்திருந்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. இவை அனைத்தையும் அந்நிறுவனம் நடந்துகொண்டிருக்கும்போதே பொதுவில் எழுதியது; மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை. நடந்தது மட்டும் முழுமையாக இருந்தது. அன்று அவரும் வட்டுப் பழுதாக இருக்கலாம் என்று எழுதியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று வகுப்பில் கேட்பேன்.

இன்னொரு கதை 1988ஆம் ஆண்டினுடையது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் முதுநிலை மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ், நவம்பர் 2ஆம் தேதி இணையத்தில் தானாகப் பரவும் ஒரு நிரலை விட்டார். அது அவர் எண்ணியதைவிட வேகமாகப் பரவி ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. யூனிக்ஸின் கடவுச்சொல் பாதுகாப்பைப் பற்றி கென் தாம்சனுடன் சேர்ந்து 1979இல் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியவர் அவருடைய தந்தை. 1990இல் மகனுக்கு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூகப் பணியும் 10,050 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. பின்னாளில் அவர் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஆனார். இந்தக் கதையை மாணவர்களை மிரட்டுவதற்காகச் சொல்வதாகச் சிலர் நினைப்பதுண்டு. பிழை செய்த பிறகும் ஒரு மனிதருக்கு வாழ்க்கை மிச்சமிருக்கிறது என்பதற்காகவும்தான் சொல்கிறேன்.

பத்து ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாடம் என் கைக்கு வந்தபோது, என் ஆசிரியரின் ஆறு பக்கங்களையே அடிப்படையாக வைத்துக்கொண்டேன். ஆண்டுக்கு ஆண்டு ஏதாவது ஒன்று கூடும். இப்போது மாணவர்களுக்குத் தனிக் கணினிகள் இல்லை. எங்கோ இருக்கும் மேகக் கணினியில் வாடகை இடம். வேலை முடிந்ததும் அணைக்க மறந்து, கல்லூரிக்குப் பெரிய கட்டணம் வந்த பிறகு அதற்கொரு விதி பிறந்தது. செயற்கை நுண்ணறிவு நிரல்களிடம் கேட்டுக் கட்டளைகளைப் பெறுவது பரவலான பிறகு இன்னொன்று: யார் எழுதித் தந்த கட்டளையானாலும், தட்டியவர் நீங்கள்; பதிவில் உங்கள் பெயர்தான் இருக்கும். அதைக் கேட்காதீர்கள் என்று நான் சொல்வதில்லை. ஒவ்வொரு சொல்லும் என்ன செய்யும் என்று எனக்கு விளக்க முடியுமானால் தட்டுங்கள் என்கிறேன்.

முதல் ஆண்டே நான் சேர்த்த விதி, ஏழாவது. ‘கூட்டாளியின் பிழையால் உங்கள் வேலை அழிந்து, அப்பிழை பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தால், உங்களுக்கு ஒரு வாரம் கூடுதல் அவகாசம் உண்டு.’ இத்தனை ஆண்டுகளாக அந்த வரியை எழுதும்போதெல்லாம் பழைய கடன் ஒன்றைத் தவணையில் அடைப்பதைப் போன்ற ஆறுதல் இருந்தது.

சென்ற ஆகஸ்டில் முதல் வகுப்பு. பதினெட்டுப் பேர். விதிகளை வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தேன். இரவில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் கையைத் தூக்கினார். ‘ஏழாவது விதி. கூட்டாளி பிழை செய்துவிட்டுப் பதிவேட்டில் எழுதவில்லை என்றால், எனக்கு அவகாசம் கிடையாதா?’

வகுப்பு என்னைப் பார்த்தது. நான் தாளைப் பார்த்தேன். மறைத்தவனுக்காக எழுதிய வரியில், அவன் எழுதினால்தான் இழந்தவருக்கு நியாயம் என்று ஆகியிருந்தது. 2002இல் அந்தப் பெண்மணிக்கு இந்த விதி இருந்திருந்தாலும் அந்த வியாழக்கிழமை உதவியிருக்காது. நான் எழுதியது அதற்கும் எட்டு நாள் கழித்து. இத்தனை செமஸ்டர்களாக அது என் கண்ணில் படவில்லை. உண்மையை எழுதுபவனின் நிலையிலிருந்தே நான் யோசித்திருக்கிறேன். இருட்டில் தேடிக்கொண்டிருப்பவரின் நாற்காலியில் ஒருமுறைகூட உட்காரவில்லை.

‘சரியான கேள்வி. எல்லோரும் மூன்றாம் பக்கத்தை எடுங்கள்’ என்றேன். வரியை ஒற்றைக் கோட்டால் அடிக்கச் சொன்னேன். கீழே எழுத வேண்டியதை மெதுவாகச் சொன்னேன்: ‘கூட்டாளியின் பிழையால் உங்கள் வேலை அழிந்தது என்று எந்தப் பதிவிலிருந்து, எப்போது தெரியவந்தாலும், ஒரு வாரம் கூடுதல் அவகாசம் உண்டு. அதற்குள் மதிப்பெண் இடப்பட்டிருந்தால் அது திருத்தப்படும்.’ பக்கத்தில் முதலெழுத்தையும் தேதியையும் இடும்படி சொல்லி, பதினெட்டுத் தாள்களிலும் நானும் என் சுருக்கொப்பத்தை இட்டுக்கொண்டு போனேன். கடைசி வரிசையில் ஒருவர் பென்சிலால் எழுதியிருந்தார். என் பேனாவை அவரிடம் கொடுத்துவிட்டு, அவர் எழுதி முடிக்கும்வரை நின்றேன்.